குளக்கரையில் வேற்றூர் வாலாட்டி: கொங்குப் பகுதியில் அரிய துணையினத்தை அடையாளம் காண்பது எப்படி?

புரட்டாசி, ஐப்பசியில் கொங்கு நாட்டுக் குளங்களுக்கு வெள்ளை வாலாட்டிகள் வரத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் கிளம்பிவிடும். மஞ்சள் வாலாட்டி அளவுக்கு எண்ணிக்கையில் வருவதில்லை. ஆனாலும் தண்ணீர் உள்ள குளத்தைப் பொறுமையாகச் சுற்றி வந்தால் ஒன்றாவது கண்ணில் படும்.

ஐஸ்லாந்து முதல் ஜப்பான் வரை முட்டையிட்டு வாழும் இனம் இது. எந்த மண்ணில் பிறந்ததோ அதற்குத் தக்கபடி முகத்தின் கருப்பு வெள்ளையும் முதுகின் நிறமும் மாறும். இப்படி ஒரே இனத்துக்குள் வேறுபடும் உள்வகைகளைத்தான் துணையினங்கள் என்பார்கள். வகைப்படுத்துவோரைப் பொறுத்து 9 முதல் 11 துணையினங்கள் என்று கணக்கு. அவற்றில் நம் பக்கம் குளிர்காலத்தில் வழக்கமாக வருவது ஒன்றுதான். மற்றவற்றில் சில வடமேற்கு இந்தியாவிலோ, இமயத்தின் அடிவாரத்திலோ, வடகிழக்கிலோ, இன்னும் கிழக்கே தள்ளியோ குளிர்காலத்தைக் கழிக்கும். அதில் ஒன்று வழி விலகி சிங்காநல்லூர் குளத்திலோ கோபி வயலிலோ வந்து இறங்கினால் அது பதிவு செய்ய வேண்டிய சேதி. அப்படி ஒன்று வந்தும் யாரும் கவனிக்காமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். "வெள்ளை வாலாட்டி, 1" என்று எழுதிவிட்டு எல்லாரும் நாரைகளைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பறவை பார்க்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டு மடங்கு பைனாகுலர், ஒரு நோட்டு, முடிந்தால் ஜூம் கேமரா. இவ்வளவு போதும். இதைவிட முக்கியமானது, சாதாரணமாக வரும் வாலாட்டியை உங்கள் கண்ணுக்கு நன்றாகப் பழக்குவது. அது பழகாமல் அரியதைத் தேடப் போனால் எல்லாமே அரியதாகத்தான் தெரியும்.

முதலில் நம்மூர் வாலாட்டி

ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கிற வெண்புருவ வாலாட்டியை எல்லாரும் பார்த்திருப்போம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து காலையில் சீழ்க்கையடித்துப் பாடும். நொய்யல் பாறைகளில், வாய்க்கால் மதகில், குளத்து நடைபாதைக் கம்பிகளில் எல்லாம் இருக்கும். இந்தியாவில் உள்ள வாலாட்டிகளில் இதுதான் பெரியது. சுமார் 21 செ.மீ. வெள்ளை வாலாட்டி அதைவிடச் சிறியது, ஒல்லியானது.

புதியவர்களின் "அரிய துணையினம்" பல நேரம் இந்த வெண்புருவ வாலாட்டியாக, அதிலும் அதன் இளம் பறவையாக இருக்கும். வளர்ந்த பறவைக்குக் கருப்பாக இருக்கும் இடமெல்லாம் இளம் பறவைக்குப் பழுப்புச் சாம்பலாக இருக்கும். சாம்பல் முதுகு, வெள்ளைப் புருவம், கருமை கலந்த நெஞ்சு எல்லாம் சேர்ந்து புத்தகத்தில் உள்ள ஏதோ ஒரு படத்தோடு ஒத்துப்போவதாகத் தோன்றும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நெற்றியைப் பாருங்கள். வெண்புருவ வாலாட்டிக்கு அலகின் அடிவரை நெற்றி கருப்பு, இளம் பறவைக்குச் சாம்பல். வெள்ளை அதன் கண்ணுக்கு மேலே புருவமாக மட்டும் ஓடும். வெள்ளை வாலாட்டிக்கு எந்தத் துணையினமானாலும் நெற்றி வெள்ளை; அலகுக்கு மேலிருந்தே வெள்ளை தொடங்கிவிடும். நெற்றி சரியாகத் தெரியாத பறவையைப் பற்றி மேற்கொண்டு எதுவும் யோசிக்காதீர்கள். அது திரும்பும்வரை காத்திருங்கள்.

வழக்கமாக வரும் வெள்ளை வாலாட்டி

தென்னிந்தியாவுக்குக் குளிர்காலத்தில் பெரும்பாலும் வருவது டுகுனென்சிஸ் என்ற துணையினம். தக்காணத்தில் பார்த்த பறவைகளை வைத்து 1832-இல் கர்னல் சைக்ஸ் இதற்குப் பெயரிட்டார். பறவை முட்டையிடுவதோ மேற்கு சைபீரியப் பக்கம்.

இதன் குளிர்கால உருவத்தை அங்கம் அங்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நெற்றி, கண்ணைச் சுற்றி, கன்னம் எல்லாம் வெள்ளை. உச்சந்தலையும் பிடரியும் கருப்பு. பெண் பறவைக்கும் இளசுக்கும் அந்தக் கருப்பு மங்கி, சாம்பல் கலந்திருக்கும். தொண்டை வெள்ளை. நெஞ்சில் பிறை வடிவில் ஒரு கருப்புப் பட்டை. முதுகு சுத்தமான சாம்பல். மூடிய இறக்கையில் நல்ல அகலமான வெள்ளை.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கழுத்தோரத்தை. கன்னத்து வெள்ளை அங்கேயே நின்றுவிடாமல் காதுக்குப் பின்னால் இறங்கிக் கழுத்தின் பக்கவாட்டில் ஓடும். அதனால் பிடரியின் கருப்பும் நெஞ்சின் கருப்பும் ஒன்றையொன்று தொடாது. நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும். பறவை தலையைத் திருப்பும்போது அந்த இடைவெளி சுருங்கும், நேராக நிற்கும்போது விரியும். நாலைந்து பறவைகளிடம் இதைப் பார்த்துப் பழகிவிட்டால், இடைவெளி இல்லாத ஒன்று வந்தால் கண் தானாகவே அங்கே போய் நிற்கும்.

இளம் வெள்ளை வாலாட்டியின் முகத்தில் லேசாக மஞ்சள் பூசியிருக்கலாம். அதைப் பார்த்து மஞ்சள் வாலாட்டி என்று நினைக்க வேண்டாம். நெஞ்சில் திட்டமான கருப்புப் பிறை இருந்தால் வெள்ளை வாலாட்டிதான்.

எங்கே போவது, எப்போது போவது

வெள்ளை வாலாட்டிக்கு வேண்டியது திறந்த வெளி, ஈர மண், ஈ கொசு. தென்னந்தோப்புக்குள் தேடினால் கொடிக்கால் வாலாட்டி கிடைக்கலாம், இது கிடைக்காது.

கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர் குளம், கிருஷ்ணாம்பதி, சூலூர்க் குளங்கள். திருப்பூரில் நஞ்சராயன் குளம். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு. பின்னவை இரண்டும் உலக முக்கியத்துவம் பெற்ற நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் உள்ள சரணாலயங்கள். வெள்ளோடு 2022-இலும் நஞ்சராயன் 2024-இலும் சேர்ந்தன. ஆனால் பேர் பெற்ற இடத்துக்குத்தான் வாலாட்டி வரும் என்றில்லை. கரையைச் சிமெண்ட் போட்டுக் கட்டிய பக்கத்தை விட்டுவிட்டு, மண்ணாக இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். தண்ணீர் வற்றி விலகிய சேற்று விளிம்பு, ஆகாயத்தாமரை மெத்தையின் ஓரம், மதகில் கசிவு ஓடும் இடம், கழிவுநீர் வந்து விழும் வாய், பரிசல்காரர்கள் மீன் கொட்டும் கரை ஆகியவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். நாற்றம் அடிக்கிற இடத்தில் ஈ இருக்கும், ஈ இருக்கிற இடத்தில் வாலாட்டி இருக்கும்.

கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் சேற்றுழவு நடக்கும் நாட்கள் இன்னும் நல்லது. டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் வரிசைகட்டி நடக்கும்போது, அவற்றின் காலடியில் வாலாட்டிகளும் ஓடும். மஞ்சள் வாலாட்டிகளுக்கு நடுவே வெள்ளை ஒன்று ஓடினால் தூரத்திலிருந்தே தெரியும். வயலுக்குள் இறங்கத் தேவையில்லை, இறங்கவும் கூடாது. தோட்டத்துக்காரர் கண்ணில் பட்டதும் நாமே போய்ப் பேசிவிட வேண்டும்.

"ஏனுங்க தம்பி, ரோடு போட அளக்கறீங்களா?"

"இல்லீங்கய்யா, வாலாட்டிக் குருவி பார்க்க வந்தனுங்க. வரப்பு மேலயே நின்னுக்கறனுங்க."

அப்புறம் அவரே எந்தப் பாத்தியில் குருவி அதிகம் என்று காட்டிவிடுவார். அவர் தினமும் அங்கே நிற்கிறவர்; அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவானிசாகர், அமராவதி, ஆழியாறு அணைகளில் தண்ணீர் இறங்கும்போது பெரிய சேற்றுவெளி கிடைக்கும். ஆனால் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் காட்டுப்பக்கக் கரை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது, யானைகள் தண்ணீர் குடிக்க வரும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகாதீர்கள். எந்தக் குளமானாலும் காய்ந்து வெடித்தது மாதிரி தெரியும் சேற்றை நம்பிக் காலை வைக்க வேண்டாம். கரையோரப் புதரில் பாம்பு இருக்கும் என்று எண்ணியே நடங்கள்.

நேரம் என்றால் காலை ஏழு முதல் ஒன்பதரை. மார்கழி, தையில் சூலூர்ப் பக்கமெல்லாம் மூடுபனி விலக எட்டு மணி ஆகிவிடும். அதற்கு முன்னால் பார்த்த நிறத்தை நம்பாதீர்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி எந்தக் கரையிலிருந்து பார்ப்பது என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சரியாக இருக்கும்.

துரத்தாமல் உட்காருங்கள்

குளிர்காலத்தில் ஒரு வெள்ளை வாலாட்டி நீரோரத்தில் ஒரு துண்டுக் கரையைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்டு, வேறு வாலாட்டி வந்தால் விரட்டும். இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றோரம் பறவை ஆய்வாளர் நிக் டேவிஸ் 1970-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து ஒதுக்கும் பூச்சிகளைத் தின்றபடியே அந்தப் பறவை தன் கரையைச் சுற்றி வரும். இரை மறுபடி சேரச் சேர, பழைய இடத்துக்கும் திரும்ப வரும்.

நமக்கு இதனால் பெரிய உபயோகம் உண்டு. பறவை பறந்து போனால் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை. அது இரை தேடிய இடத்துக்கு இருபது, முப்பது மீட்டர் தள்ளி, பின்னால் மரமோ மேடோ இருக்கும்படி உட்கார்ந்தால் போதும். பல நேரம் அதே விளிம்பில் நடந்து உங்களை நோக்கியே வரும். இன்று விட்டுப்போனால் நாளையும் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். வயலில் உழவுக்குப் பின்னால் சேரும் பறவைகளுக்கு இது பொருந்தாது. உழவு முடிந்தால் கலைந்துவிடும். அவற்றை அன்றைக்கே பார்த்து முடிக்க வேண்டும்.

வரும் முன்னே குரல் கேட்கும். அலையலையாக ஏறி இறங்கிப் பறந்தபடி "சிஸ்ஸிக்" என்று இரண்டு அசையில் கத்தும். குரலை வைத்துத் துணையினம் சொல்ல முயல வேண்டாம்.

எந்த வரிசையில் பார்ப்பது

பறவை கண்ணில் பட்டதும் பெயரை யோசிக்காமல் ஐந்து இடங்களை இந்த வரிசையில் பாருங்கள்: நெற்றி, கன்னமும் காதும், கழுத்தோரம், தொண்டை, முதுகு. முதுகைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஐந்தில் நம்மை அதிகம் ஏமாற்றுவது அதுதான். எதிர்வெயிலில் சாம்பல் முதுகு கருப்பாகிவிடும். குளித்து நனைந்த முதுகும் கருமையாகத் தெரியும். கேமராவில் வெளிச்சம் கூடினால் அதே முதுகு வெளுத்துப்போகும். எனவே முதுகைப் பார்க்கும்போது பக்கத்தில் எப்போதும் கருப்பாக இருக்கும் ஒன்றோடு ஒப்பிடுங்கள். அதே பறவையின் நெஞ்சுப் பிறையோ வால் நடுவோ போதும். இரண்டும் ஒரே கருப்பா, இல்லை முதுகு ஒரு படி வெளிறியதா என்று பாருங்கள்.

பார்த்ததைப் பார்த்தபடியே நோட்டில் எழுதுங்கள். "முகமூடி வாலாட்டி" என்று எழுதினால் பிற்பாடு அதிலிருந்து எதையும் சரிபார்க்க முடியாது. "காது கருப்பு, கழுத்தோரம் வெள்ளை இல்லை, தொண்டை மேல்பாதி வெள்ளை, முதுகு சாம்பல், பிறையைவிட வெளிறல்" என்று எழுதினால், பத்து வருடம் கழித்தும் யாராவது படித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம்.

யார் யார் வரலாம்

பெர்சொனாட்டா. முகமூடி வாலாட்டி என்று சொல்வது இதைத்தான். ஆப்கானிஸ்தான், தியான்ஷான் மலைப்பக்கம் முட்டையிடுவது. குளிர்காலத்தில் பாகிஸ்தான், வட இந்தியா, மேற்கு இந்தியாவில் நிறைய இருக்கும். தெற்கே வர வர எண்ணிக்கை குறையும். நாம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். மார்கழிப் பனியில் தலையையும் காதையும் துண்டால் சுற்றிக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே விட்ட ஆளைப் போல இருக்கும். நெற்றியும் கண்ணைச் சுற்றியும்தான் வெள்ளை. காது கருப்பு, கழுத்தோரம் கருப்பு. பிடரியின் கருப்பு அப்படியே இறங்கி நெஞ்சுக் கருப்போடு சேர்ந்துவிடும். குளிர்காலத்தில் மோவாயும் தொண்டையும் வெளுத்திருக்கலாம், காது வெளுக்காது. முதுகு சாம்பல். இளம் பெண் பறவைக்குக் காதுப்பக்கம் கருஞ்சாம்பல் திட்டாக மட்டும் இருக்கும். அதை இரண்டு பக்கமும் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

ஆல்பாய்டிஸ். இமயத்து வாலாட்டி. முகம் பெர்சொனாட்டா மாதிரியே, ஆனால் முதுகும் கருப்பு. வெண்புருவ வாலாட்டியோடு குழப்பம் வரும். மறுபடியும் நெற்றிதான் தீர்த்துவைக்கும். இளசின் முதுகில் சாம்பல் கலந்திருப்பதால், கருப்பும் சாம்பலும் திட்டுத் திட்டாக உள்ள பறவையைத் தெளிவான படம் இல்லாமல் எந்தப் பக்கமும் தள்ள முடியாது.

லியூகாப்சிஸ். அமூர் வாலாட்டி. சீனா, கொரியா, அமூர் ஆற்றுப் பக்கத்துப் பறவை. வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். கொங்கு நாட்டில் பார்த்தால் மிகப் பெரிய விஷயம். முகம் முழுக்க வெள்ளை, தொண்டை எந்தப் பருவத்திலும் வெள்ளை. நெஞ்சில் கருப்புத் திட்டு தனியாக நிற்கும். ஆணின் முதுகு கருப்பு, பெண்ணுக்குச் சாம்பல் கலந்திருக்கும். வெள்ளை முகத்துக்குக் கீழே கருத்த முதுகு தெரிந்தால் உடனே படம் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஆக்குலாரிஸ். கிழக்கு சைபீரியாவிலிருந்து வருவது. கண்ணை ஊடுருவி ஒரு மெல்லிய கருப்புக் கோடு, சாம்பல் முதுகு. சேறு ஒட்டிய முகத்திலும் கோடு மாதிரி தெரியும் என்பதால் இரண்டு கண்ணிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பைக்காலென்சிஸ் என்று இன்னொன்று உண்டு. குளிர்காலத்தில் அதை டுகுனென்சிஸிலிருந்து பிரிப்பது மிகக் கடினம். புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

இது தவிர, இரண்டு துணையினங்களின் எல்லை சந்திக்கும் இடங்களில் கலப்புப் பறவைகளும் பிறக்கின்றன. டுகுனென்சிஸ், பெர்சொனாட்டா இரண்டுக்கும் நடுவே காது பாதி கருத்த பறவை ஒன்று வந்தால், "இடைப்பட்டது" என்று எழுதி விட்டுவிடுவதுதான் சரி. அதுவும் பயனுள்ள பதிவுதான்.

மாசி, பங்குனியில் கூடுதல் கவனம்

கிளம்பும் முன்பு இவை தலையிலும் உடலிலும் புது இறகு மாற்றும். டுகுனென்சிஸின் வெள்ளைத் தொண்டை மாசிக்கு மேல் கருக்கத் தொடங்கி, பங்குனியில் மோவாய் வரை முழுக் கருப்பாகிவிடும். மார்கழி முழுக்க வெள்ளைத் தொண்டையைப் பார்த்துப் பழகியவருக்கு இது திடீரென்று முகமூடி வாலாட்டியாகத் தோன்றும். அதனால் தொண்டை எவ்வளவு கருத்திருந்தாலும் கழுத்தோரத்து வெள்ளை இடைவெளியைத் தேடுங்கள். கன்னமும் காதும் வெள்ளையாக, அந்த வெள்ளை கீழே இறங்கி ஓடினால் அது வழக்கமான பறவைதான். அதே மாதங்களில் மற்ற துணையினங்களும் தங்கள் முழு நிறத்துக்கு வருவதால், தையில் முடிவு சொல்ல முடியாத பறவை பங்குனியில் தெளிவாகிவிடும். அதே கரைக்கு மாதம் ஒருமுறையாவது திரும்பப் போய்ப் பாருங்கள்.

படம்

ஒரே ஒரு அழகான படத்தைவிட சுமாரான நான்கு படங்கள் மேல்: இடப்பக்கம், வலப்பக்கம், நேர்முன், பின்புறம். பின்புறப் படத்தை யாரும் எடுப்பதில்லை, ஆனால் பிடரியும் முதுகும் சேரும் இடம் அதில்தான் தெரியும். வெள்ளை முகம் வெளிறிப் போகாமல் இருக்க வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். போனைப் பைனாகுலரின் கண்வழியில் வைத்து எடுத்தாலும் பரவாயில்லை. நிறத்தை மாற்றும் எந்தத் திருத்தமும் செய்யாத மூலப்படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

குரலைப் போட்டு வரவழைப்பது, கல் விட்டெறிந்து திருப்புவது இரண்டும் வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும் பறவை அது.

பதிவு செய்வது

பறவைப் பதிவுகளை ஏற்றும் ஈபேர்ட் செயலியில் வெள்ளை வாலாட்டி என்று தேடினால் துணையினக் குழுக்கள் தனித்தனியாகக் கிடைக்கும். அரிய குழு உங்கள் ஊர்ப் பட்டியலில் தானாகத் தெரியாது. தேடிச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் விவரம் கேட்கும். நோட்டில் எழுதிய ஐந்து இடங்களையும் அப்படியே அங்கே எழுதி, படங்களை ஏற்றுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள். உறுதி இல்லையென்றால் குழுவைக் குறிக்காமல் வெறும் வெள்ளை வாலாட்டி என்றே போட்டு, குறிப்பில் சந்தேகத்தை எழுதுங்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம்.

பதிவைச் சரிபார்ப்பவர்கள் கேள்வி கேட்டால் வருத்தப்பட வேண்டாம். அவர்களும் நம்மைப் போலப் பறவை பார்ப்பவர்கள்தான். பெரும்பாலும் கேட்பது "கழுத்தோரம் தெரியும் படம் இருக்கிறதா?" என்பது மாதிரியான கேள்விகள்தான். ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருப்பதாலும், பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்புக்குப் பலரும் குளங்களுக்கு வருவதாலும், அனுபவமுள்ள கண்கள் நம் பகுதியில் குறைவில்லை. அந்த நாட்களில் ஒரு குழுவோடு சேர்ந்து போனால், சந்தேகப் பறவையை அங்கேயே நான்கு பேர் சேர்ந்து பார்த்துவிடலாம்.

பறவை இருப்பது தனியார் தோட்டம் என்றால், இடத்தைக் குழுக்களில் அறிவிக்கும் முன்பு தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் பத்து கார்கள் அவர் வண்டிப்பாதையில் வந்து நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னால் பஞ்சாயத்துப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.